எண்பது டன் சத்தம்

அவளுக்கு டமாரம் என்று பெயர் வைத்தது நான்தான். ஒரு ஷிஃப்டுக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். அப்படிப்பட்டவளுக்கு எதற்கு இந்தப் பெயர் என்று புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் கேட்பார்கள். "ஒரு லீவு நாள்ல அவ வீட்டு மாடிக்குப் போய்ப் பாரு, காது கிழிஞ்சு வருவ" என்பேன். அவள் எதுவும் காதில் விழாததுபோல, வெளியே எடுத்த தகட்டை அளவு பார்த்துக்கொண்டிருப்பாள். அவளுக்குக் கோபமா சிரிப்பா என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டுமானால் ஆறு வருடமாவது பக்கத்தில் நின்று வேலை செய்திருக்க வேண்டும். நான் நின்றிருக்கிறேன்.

நாலாம் நம்பர் பிரஸ் எங்களுடையது. எண்பது டன் அழுத்துகிற இயந்திரம். கதவுக் கீல், அலமாரிப் பிடி, இப்படி எதையாவது நாள் முழுக்க மடக்கிக்கொண்டிருக்கும். நான் இந்தப் பக்கம் உட்கார்ந்து தட்டையான தகட்டைக் கையால் வைத்துப் பெடலை மிதிப்பேன். மேலே இருக்கிற இரும்பு இறங்கி மடக்கிவிட்டு ஏறும். அவள் அந்தப் பக்கம் நின்று கிடுக்கியால் எடுப்பாள். நான் வைக்கிறவள், அவள் எடுக்கிறவள். எனக்கு இருபத்திரண்டு வருட சர்வீஸ், அவளுக்கு ஆறு. என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள். அக்கா என்று கூப்பிடுவாள், அதுவும் தேவைப்பட்டால்தான்.

எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்தவள். இரண்டாம் வருடத்தில் அப்பா படுத்துவிட்டார், படிப்பு நின்றது, பிரஸ் கடைக்கு வந்துவிட்டாள். பள்ளிக்கூடத்தில் கண்ணாடியைப் பிடுங்கி ஒளித்துவைத்து அழவிடுவார்களாம். அடியும் விழுமாம். இடைவேளையில் நூலகத்து மூலையில் போய் உட்கார்ந்துகொள்வாளாம். அரக்கர்கள், விண்கலங்கள், இருபது முகம் உள்ள பகடைகள் எல்லாம் அந்த மூலையில் பிடித்துக்கொண்டவைதான். இதையெல்லாம் அவள் சொல்லவில்லை, அவள் அண்ணி சொன்னாள். அண்ணிக்கு நாத்தனாரைப் பற்றிப் பேசுவதென்றால் அடுப்பில் பால் பொங்கினாலும் தெரியாது.

அண்ணி சொன்னதிலேயே எனக்குப் பிடித்தது பெண் பார்க்க வந்த கதை. மாப்பிள்ளை வீட்டார் ஐந்து பேர் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். "பொண்ணுக்குப் பாட்டுல ஆர்வம்னு சொன்னாங்களே, ஒண்ணு கேக்கலாமா?" என்று மாப்பிள்ளையின் அம்மா ஆசையாகக் கேட்டிருக்கிறார். இவள் நல்ல பிள்ளையாக எழுந்துபோய் ஸ்பீக்கரைக் கொண்டுவந்து வைத்து, தான் செய்ததைப் போட்டிருக்கிறாள். இரும்பு மேல் இரும்பு விழுகிறது, சங்கிலி தரையில் இழுபடுகிறது, யாரோ கிணற்றுக்குள் இருந்து கத்துவதுபோல ஒரு குரல். இரண்டு நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டு அந்த அம்மா, "ஸ்பீக்கர் ரிப்பேரா இருக்குமோ?" என்று கேட்டாராம். "இல்ல ஆன்ட்டி, இப்பதான் ஆரம்பிச்சிருக்கு" என்றாளாம் இவள். வந்தவர்கள் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டார்கள்.

மாடியில் தட்டுமுட்டுச் சாமான் போடும் அறைதான் அவள் இடம். சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டியிருப்பாள். ஒரு துருப்பிடித்த பீப்பாய், லாரி ஸ்பிரிங், பழைய மின்விசிறியின் கம்பிக்கூடு, ஒரு கம்ப்யூட்டர். நான் முதல் தடவை போனபோது தலைசுற்றி வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"ஏன்டி, எட்டு மணி நேரம் அங்க இதையேதான கேக்கறோம்? வீட்டுக்கு வந்தும் இதேவா?"

"அங்க மெஷின் சொல்றத நாம கேக்கணும் அக்கா. இங்க நான் சொல்றத மெஷின் கேக்கும்."

இதைத்தான் எல்லோரும் ஓடி ஒளிவது என்கிறார்கள். எனக்கு அந்தப் பேச்சு பிடிக்காது. மனிதன் எட்டு மணி நேரம் இரும்புக்கு அடங்கி நின்றுவிட்டு வந்தால் எங்காவது போய்த்தானே ஆக வேண்டும்? என் வீட்டுக்காரர் கிரிக்கெட்டுக்குள் போகிறார். நான் சீரியலுக்குள் போகிறேன். இவள் பீப்பாய்க்குள் போகிறாள், அவ்வளவுதான்.

பகடை விளையாட்டு ஞாயிறு மத்தியானங்களில். ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொண்டு, பகடை விழுகிறபடி ஒரு கதையை நகர்த்துவார்கள். அவளையும் சேர்த்து ஐந்து பேர். பல் டாக்டரிடம் உதவியாளராக இருக்கும் பெண், வங்கி குமாஸ்தா, பள்ளிக்கூட லேபில் வேலை பார்ப்பவர், நாங்கள் பட்டாளத்தான் என்று கூப்பிட்ட ஒரு கம்ப்யூட்டர் ஆபீஸ் இளைஞன். தலையணை கனத்துக்கு விதிப் புத்தகங்கள் வைத்திருப்பார்கள். ஒரு ஞாயிறு நானும் போய் உட்கார்ந்து பார்த்தேன். எலியைக் கண்டால் நாற்காலி மேல் ஏறுகிற அந்த குமாஸ்தா, ஒரு பகடையை உருட்டிவிட்டு ஓர் ஊரையே வெட்டிச் சாய்த்தார். "பக்கம் அறுபத்தொண்ணுல என்ன போட்டிருக்கு? காயம்பட்டவன் ஓட முடியாது" என்று இவள் அதட்ட, அவர் முகம் தொங்கிப்போனது. கதையை நடத்துகிறவள் இவள்தான். அரசன் குரல், சூனியக்காரி குரல், சாகிறவன் குரல் என்று விதவிதமாகப் பேசினாள். ஆறு வருடத்தில் என்னிடம் பேசியதைவிட அந்த ஒரு மத்தியானத்தில் அதிகம் பேசினாள். எனக்குப் பொறாமையாக இருந்தது. இதில் மறைக்க என்ன இருக்கிறது?

இவளைப்போல இரைச்சலைப் பாட்டாக்குகிறவர்கள் கூட்டம் ஒன்று உண்டு. மூடிப்போன அச்சகத்தின் கிடங்கில், அக்கம்பக்கத்தார் சண்டைக்கு வராத பகல் மூன்று மணிக்கு, முப்பது பேர் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு வந்து நிற்பார்கள். ஆட மாட்டார்கள், கைதட்டவும் மாட்டார்கள். ஒரு தடவை என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். நான் பூப்போட்ட சேலையில் நடுவில் நின்றேன். என்னைத்தான் எல்லோரும் ஏதோ விசித்திரம்போலப் பார்த்தார்கள்.

அன்றைக்குப் பட்டாளத்தான் மேடையேறினான். பூட்ஸ், பச்சை உடுப்பு, பின்னால் திரையில் வீடுகள் இடிந்து விழுகிற படம். குண்டு விழுகிற சத்தம், சைரன், பெண்கள் அலறுவது, எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி அரை மணி நேரம் வாசித்தான். கூட்டம் கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டியது. இறங்கியதும் இவள் அவனைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்த அலறல எங்கேருந்து எடுத்த?"

"நெட்லதான். ஏதோ சண்டை நடந்த ஊர்ல எடுத்தது. அசல்."

"அந்த ஊர்ல நீ இருந்திருந்தா இத ரசிப்பியா?"

"உன் பாட்டுலயும் அடி, நசுக்குன்னுதான இருக்கு? நீ மட்டும் என்னவாம்?"

"நான் அந்த பிரஸ் பக்கத்துல நிக்கறேன். எனக்கு அந்த உரிமை இருக்கு."

சபாஷ் என்று நான் உள்ளுக்குள் சொல்லிக்கொண்டேன். வீட்டுக்குத் திரும்பும்போது ஆட்டோவில் அவள் கையைப் பிடித்துக்கொண்டேகூட வந்தேன். வலது கையால்.

பிரஸ்ஸின் சத்தத்தை அவள் திருட்டுத்தனமாகப் பதிவுசெய்கிறாள் என்பது எனக்குத் தெரியும். காந்தம் ஒட்டிய ஒரு சின்ன மைக்கை இயந்திரத்தின் காலில் ஒட்டிவிட்டு, ரெக்கார்டரைச் சாப்பாட்டுப் பையில் போட்டுவிடுவாள். கேட்டிலேயே கொட்டை எழுத்தில் போர்டு இருக்கிறது: உள்ளே படம் எடுக்கக் கூடாது, ஒலிப்பதிவு செய்யக் கூடாது. பிடிபட்டால் வேலை போகும். "உங்க கால் ஒரு டிக், மெஷின் ஒரு டம். நீங்கதான் அக்கா என் பாட்டுல தாளம்" என்று சொல்லியிருக்கிறாள். நான் பெடலை மிதிக்கும்போது வருகிற சின்னச் சத்தம் டிக். இரும்பு இறங்குவது டம். நாள் முழுக்க டிக் டம், டிக் டம். எனக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால். டீ இடைவேளை முடிந்து உட்கார்ந்திருந்தோம். இரும்பு ஏற ஏறவே என் கை அடுத்த தகட்டோடு உள்ளே போய்விடும், எங்கள் வேகம் அப்படி. அந்த வேகம் குறைந்தால் ஃபோர்மேன் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு கடிகாரத்தைப் பார்ப்பார். கை உள்ளே இருந்தால் இயந்திரத்தை நிறுத்துகிற சென்சார் ஒன்று முன்பு இருந்தது. அது அடிக்கடி நிறுத்துகிறது, உற்பத்தி கெடுகிறது என்று ஒரு துண்டு ஒயரைப் போட்டு அதன் வாயை அடைத்து வைத்திருந்தார்கள். அன்று ஒரு தகட்டை மடக்கிவிட்டு இரும்பு மேலே போனது. அவள் எடுத்தாள். நான் அடுத்ததை வைத்தேன். பெடலை மிதிக்கவில்லை. மேலே போன இரும்பு அங்கே நிற்காமல் அப்படியே திரும்பி இறங்கியது.

ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி. அவ்வளவு போதும், மேலே சொல்ல விருப்பமில்லை. சிவப்புப் பொத்தானை அடித்து, தன் துப்பட்டாவால் என் மணிக்கட்டை இறுக்கிக் கட்டி, "வண்டியக் கொண்டாங்கடா" என்று அவள் கத்திய கத்தலில் கடை முழுக்க நின்றது. அவளுக்கு அவ்வளவு பெரிய குரல் உண்டென்று அன்றைக்குத்தான் எல்லோருக்கும் தெரிந்தது.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்கு ஹெச்.ஆர். அதிகாரி வந்தார். கையில் ஆப்பிள் பை, கக்கத்தில் ஃபைல். அதில் ஏற்கெனவே எழுதி முடித்திருந்தார்கள்: ஊழியர் கவனக்குறைவாகப் பெடலை மிதித்ததால் விபத்து நேர்ந்தது.

"நான் மிதிக்கல சார்."

"வலியில ஞாபகம் மாறும்மா. அதுல தப்பில்ல."

கவனக்குறைவு. அந்த ஒரு வார்த்தைதான். இருபத்திரண்டு வருடம் பிரஸ்ஸில் உட்கார்ந்து ஒரு கீறல் வாங்காதவள் நான். அந்த வார்த்தை காகிதத்தில் நின்றுவிட்டால் வேலை போகும், வேறு எந்தக் கடையிலும் கேட்டைத் திறக்க மாட்டார்கள். அதைவிட மோசம், இயந்திரம் நல்ல இயந்திரம் என்றாகிவிடும். என் ரத்தத்தைத் துடைத்துவிட்டு மறுநாளே என் இடத்தில் வேறொரு பெண்ணை உட்கார வைத்துவிட்டார்கள். அவளுக்குக் கைக்குழந்தை இருக்கிறது. அந்த வார்த்தையை எடுக்காமல் நான் சாக மாட்டேன் என்று அன்று முடிவு செய்தேன்.

ஹெச்.ஆர். போகும்போது குரலைத் தணித்து இன்னொன்றும் சொன்னார். "உங்க பார்ட்னர் நெட்ல என்னென்ன போட்டிருக்காங்கன்னு பாத்தோம். நசுங்குன்னு ஒரு பாட்டு. கிழிஞ்ச கையுறைய அட்டைப் படமா வச்சிருக்காங்க. அரக்கன், சூனியம்னு விளையாட்டு வேற. வன்முறைய ரசிக்கிறவங்கம்மா. ஏதோ கனவு லோகத்துல இருக்காங்க. ஜாக்கிரதையா இருங்க." நான் அந்த ஆப்பிளைப் பக்கத்துக் கட்டில்காரிக்குக் கொடுத்துவிட்டேன்.

அவள் ஒன்பதாம் நாள்தான் என் வீட்டுக்கு வந்தாள். மத்தியானம், என் வீட்டுக்காரர் டெலிவரி வண்டியை வாசலில் நிறுத்திவிட்டுச் சாப்பிட வந்திருந்த நேரம். தூங்கி நாளாகிறது என்று அவள் முகமே சொன்னது. கம்ப்யூட்டரைத் தரையில் வைத்து எதிரே உட்கார்ந்தாள்.

"ஒண்ணு கேளுங்க அக்கா. கேட்டுட்டு என்ன அடிச்சாலும் சரி."

போட்டாள். டிக் டம். டிக் டம். டிக் டம் டம். டிக் டம்.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. ஒரு டிக்குக்கு இரண்டு டம். என் கால் ஒரு தடவை மிதித்ததற்கு இரும்பு இரண்டு தடவை இறங்கியிருக்கிறது.

"இது எப்ப எடுத்தது?"

"உங்களுக்கு அடிபடறதுக்கு இருபத்திமூணு நாள் முன்னாடி. அதுக்கப்புறம் பத்து தடவ வந்திருக்கு. மொத்தம் பதினொண்ணு."

"இப்பதான் கண்டுபிடிச்சியா?"

அவள் கம்ப்யூட்டரின் சத்தத்தை நிறுத்தினாள்.

"அப்பவே கேட்டேன். வீட்டுக்கு வந்து கேக்கும்போது தாளம் இடிச்சுது. எரிச்சலா இருந்துது. அந்த எடத்த வெட்டி ஒட்டிட்டேன். பதினோரு எடத்துலயும். பாட்டு சுத்தமா வரணும்னு."

"ஏன்டி, நீ வெட்டின எடத்துல என் கை இருந்துதுடி!"

பக்கத்தில் இருந்த டம்ளரை எடுத்து வீசினேன். இடது கைக்கு இன்னும் குறி பழகவில்லை, அது கதவில் பட்டு உருண்டது. வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். பிரஸ் பக்கத்தில் நிற்கிறேன், எனக்கு உரிமை இருக்கிறது என்று பீற்றிக்கொண்டாயே, அந்தப் பட்டாளத்தானுக்கும் உனக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டேன். எழுந்து போ என்றேன். அவள் போகவில்லை, அழவும் இல்லை. தலையைக் குனியாமல் என் முகத்தைப் பார்த்தபடியே எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள்.

"நான் மெஷினக் கேக்கல அக்கா. என் பாட்டத்தான் கேட்டுட்டு இருந்தேன்" என்றாள்.

என் வீட்டுக்காரர் சாப்பாட்டுத் தட்டோடு எழுந்து வந்து, "திட்டி முடிச்சாச்சுன்னா, இத வச்சு என்ன பண்ணப்போறீங்கன்னு யோசிங்க" என்றார். வாழ்க்கையில் ஒரு தடவை உருப்படியாகப் பேசினார்.

"நான் குடுக்கறேன்" என்றாள் அவள். "வேலை போவும், போகட்டும். ஆனா இன்னொண்ணும் இருக்கு. அன்னிக்கும் அது ஓடிட்டுதான் இருந்துது."

என் வீட்டுக்காரர் தட்டைக் கீழே வைத்தார். அன்றைய பதிவில் நான் கத்தியது இருக்கும். அவள் கத்தியதும்.

"ஒரு தடவதான் கேட்டேன். நீங்க மிதிக்கல. டிக் இல்ல. ஆனா அது உங்க குரல். நீங்க சொன்னா இப்பவே அழிச்சுடறேன். யாரு காதுலயும் விழாது."

பட்டாளத்தானுக்கு எப்படியோ இது தெரிந்து, "அசல் சத்தம், ஒரு காப்பி குடு" என்று கேட்டானாம். தன் பீப்பாயை மாடிப்படியில் உருட்டிவிட்டு, அதன் பின்னாலேயே அவனையும் அனுப்பியிருக்கிறாள். பகடைக் கூட்டத்தில் இப்போது நான்கு பேர்தான். அந்தக் கதையைக் கேட்டுக்கூட எனக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு நாள் யோசித்துவிட்டுச் சொல்லியனுப்பினேன்: அழிக்காதே, விசாரணையில் போடு, அவர்கள் காதில் விழட்டும்.

விசாரணை மேனேஜர் அறையில் நடந்தது. கண்ணாடிக் கதவு, ஏ.சி., தரையில் கம்பளம். அங்கே உட்கார்ந்தால் கடை இருப்பதே தெரியாது, அத்தனை நிசப்தம். மேனேஜர், ஹெச்.ஆர்., ஃபோர்மேன், வெளியிலிருந்து வந்த தொழிற்சாலை ஆய்வாளர் அம்மா ஒருவர். டமாரம் ஸ்பீக்கரையும் ஒரு தடித்த புத்தகத்தையும் மேசை மேல் வைத்தாள். புத்தகம் நாலாம் நம்பர் பிரஸ்ஸோடு வந்த கையேடு. மெயின்டனன்ஸ் அலமாரியில் தூசியோடு கிடந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு பக்கத்தையும் படித்து, கலர் கலராகச் சீட்டுச் செருகிக் கொண்டுவந்திருந்தாள்.

"பக்கம் எண்பத்தேழு" என்று ஆரம்பித்தாள். "ஒரு மிதிக்கு ரெண்டு தடவ இறங்குச்சுன்னா, ஒரே ஒரு தடவையா இருந்தாலும், மெஷின உடனே நிறுத்தி பிரேக்கக் கழட்டிப் பாக்கணும். பக்கம் பன்னெண்டு. சென்சார் இல்லாம ஓட்டக் கூடாது."

"இது என்னம்மா, உங்க பகடை விளையாட்டா, பக்கம் பக்கமா படிக்கறதுக்கு?" என்றார் ஹெச்.ஆர்.

"விளையாட்டா இருந்தா எல்லாரும் விதிய மதிச்சிருப்போம் சார்."

ஆய்வாளர் அம்மா குனிந்து எதையோ எழுதிக்கொண்டார். டமாரம் பதிவைப் போட்டாள், முழுச் சத்தத்தில். வெட்டாதது. அந்தக் கண்ணாடி அறைக்குள் எண்பது டன் இறங்கியது. மேசை மேலிருந்த தண்ணீர் டம்ளர்கள் அதிர்ந்தன. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, மேனேஜர் காதைப் பொத்திக்கொண்டார்.

"இந்த இரைச்சல நிறுத்துங்க மொதல்ல! மனுஷன் கேக்கறதா இது?"

"இது என் பாட்டு இல்ல சார், உங்க மெஷின். நாங்க தினம் எட்டு மணி நேரம் கேக்கறோம். நீங்க எட்டு நிமிஷம் கேளுங்க."

அந்த நிமிடம் எனக்கு அவள் மேல் இருந்த கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. அப்புறம் திரும்பி வந்தது, அது வேறு.

பதினோரு டம் டம்களையும் தேதி, மணியோடு போட்டாள். ஒவ்வொன்றுக்கும் ஆய்வாளர் அம்மா ஒரு கோடு கிழித்தார். பாட்டுக்காக இவற்றை வெட்டி ஒட்டியதையும் அவளே மறைக்காமல் சொன்னாள். பிறகு அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன். செவ்வாய்க்கிழமையைப் போட்டாள். டிக் டம். டிக் டம். டிக் டம் டம். அதோடு என் குரல். என் குரல் என்று எனக்கே தெரியவில்லை, ஏதோ மிருகம் என்று நினைத்தேன். எழுந்து ஓடிவிடலாமென்று இருந்தது. ஓடவில்லை. அந்த அறையில் இருந்த ஒவ்வொரு முகத்தையும் வரிசையாகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மேனேஜர் ஜன்னலைப் பார்த்தார். ஹெச்.ஆர். ஃபைலைப் பார்த்தார்.

"வன்முறைய ரசிக்கிறேன்னு அக்காகிட்ட சொன்னீங்களே சார்" என்றாள் டமாரம். "வன்முறை இதுதான். என் பாட்டுல இருக்கறது இதோட நிழல்."

ஆய்வாளர் அம்மா சென்சார் அன்றைக்கு வேலை செய்ததா என்று கேட்டார். ஃபோர்மேன், "மூணு மாசமா ஆஃப்ல இருக்கு மேடம். மேலேருந்து சொன்னாங்க, ஒயர் போட்டது நான்தான்" என்றார். சொல்லிவிட்டு அந்த மனிதர் தேம்பித் தேம்பி அழுதார்.

அன்று சாயங்காலமே பிரஸ்ஸுக்குச் சீல் வைத்தார்கள். அந்தக் கைக்குழந்தைக்காரியைப் பேக்கிங்குக்கு மாற்றினார்கள். அந்த வாரமே டமாரத்தை வேலையை விட்டு நீக்கினார்கள், அனுமதியில்லாமல் ஒலிப்பதிவு செய்ததற்காக. அந்தக் கடிதத்தை வாங்கி, நான்காக மடித்து, சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டு பேசாமல் நடந்து போனாள். இப்போது லிஃப்ட் பழுதுபார்க்கிற கம்பெனி ஒன்றில் இருக்கிறாள். மோட்டார் மேல் காதை வைத்துக் கேட்டே எந்த பேரிங் போகப்போகிறது என்று சொல்லிவிடுகிறாளாம். மாடி அறையில் இன்னும் இரைச்சல்தான், அண்ணி இன்னும் புலம்பல்தான். எதையும் வெட்டுவதில்லை என்று மட்டும் சொன்னாள். செவ்வாய்க்கிழமையைப் பாட்டாக்கவில்லை. ஆக்கவும் மாட்டாள். நான் கேட்காமலே சொன்னாள்.

அவளை மன்னித்துவிட்டேனா என்று எல்லோரும் கேட்கிறார்கள். இல்லை. ரவிக்கைக் கொக்கியை மாட்ட முடியாத ஒவ்வொரு காலையிலும் அவள் மேல் கோபம் வருகிறது. வந்தாலும் ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போகிறேன். இரண்டும் ஒரே மனதுக்குள்தான் இருக்கின்றன. இருந்துவிட்டுப் போகட்டும்.

கடைசியாக நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அவளை நீக்கிய மறுநாள் ஹெச்.ஆர். என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நாற்காலியை அவரே இழுத்துப் போட்டார். அப்போதே எனக்குச் சந்தேகம்.

"ஆய்வாளர் ரிப்போர்ட் வேற, நம்ம கம்பெனி ரிப்போர்ட் வேற. நம்ம ரிப்போர்ட்ல உங்க பேர்ல இருக்கற அந்த வார்த்தைய எடுத்துடலாம்மா. ஸ்டோர்ல உக்காந்த எடத்துல வேலை தரலாம். நீங்க இதுல ஒரு கையெழுத்து மட்டும் போடணும்."

படித்துப் பார்த்தேன். எந்திரத்தின் பழுது என் சக ஊழியருக்கு இருபத்து மூன்று நாட்களுக்கு முன்பே தெரிந்திருந்தும், தன் சொந்தப் பொழுதுபோக்குக்காக அதை மறைத்தார். விபத்துக்கு அவரே காரணம்.

"இதுல ஒரு பொய்யாவது இருக்கா சொல்லுங்க. உங்களுக்குக் கோபம் இல்லையா? உங்க விரலம்மா அது" என்றார்.

சாமர்த்தியமான மனிதர். என் கோபம் எந்த இடத்தில் இருக்கிறதென்று சரியாகப் பார்த்து விரலை வைத்தார். ஒரு நொடி பேனாவை எடுத்தேன், அதுவும் உண்மை. ஆனால் அவருக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். அந்தப் பதினொன்றில் ஒன்றை நானும் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். தகடு எடுக்கப் பெட்டிப் பக்கம் குனிந்து நிமிரும்போது இரும்பு தானாக இறங்கியது. கால் தெரியாமல் பட்டுவிட்டது போலிருக்கிறது என்று என்னையே திட்டிக்கொண்டு அடுத்த தகட்டை எடுத்தேன். ஃபோர்மேன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் வெட்டினாள், நான் விழுங்கினேன். எங்கள் இருவரையும் அப்படி ஓட வைத்தது யார் என்று அந்தக் காகிதத்தில் ஒரு வரிகூட இல்லை.

அவர் எழுதியிருந்ததன் மேல் குறுக்கே ஒரு கோடு போட்டேன். கீழே இடது கையால், எழுத்து எழுத்தாக எழுதினேன்: நான் பெடலை மிதிக்கவில்லை. எந்திரம் தானாக இறங்கியது. அவள் கேட்டாள், நானும் பார்த்தேன். சென்சாரை நிறுத்தி வைத்தது நிர்வாகம். எழுதி முடிக்கப் பத்து நிமிடமாவது ஆகியிருக்கும், அதுவரை அவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடியில் கையெழுத்துப் போட்டுத் தள்ளினேன்.

அவர் என் பழைய ஃபைலை எடுத்து வைத்து இரண்டையும் ஒப்பிட்டார். அவர் முகத்தில் கொஞ்சம் தெம்பு வந்தது.

"இது செல்லாதேம்மா. சர்வீஸ் ரெஜிஸ்டர்ல இருக்கற கையெழுத்தோட இது ஒத்துப்போகலையே."

"ஒத்துப்போகாது சார்" என்றேன். "அந்தக் கையெழுத்த போட்ட விரல் உங்க பிரஸ்ல இருக்கு. சீல உடைச்சு எடுத்துட்டு வாங்க, போட்டுத் தரேன்."